நாரைகள் திருப்பிக் கொடுத்த சத்தம்

நெட்டூத்துக்காரர்கள் பறவைகளுக்காக அறுபது வருஷமாக வாய்க்குள்ளேயே அடக்கி வைத்த சத்தங்களை நாரைகள் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது ஒரு தை மாதம், புதன்கிழமை, காலை ஏழரை மணி வாக்கில். முதலில் வந்தது ஒரு ஆயிரம் வாலா. கண்காணிப்புக் கோபுரத்தின் படிகளைக் கூட்டிக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூன்றாம் திட்டில் பெரிய கருவேலமரத்து உச்சியில் நின்ற மஞ்சள்மூக்கு நாரை ஒன்று கழுத்தைப் பின்னால் வளைத்து, அலகைத் திறந்து, படபடவென்று ஒரு சரத்தை முழுசாக வெடித்து முடித்து, எல்லாம் ஓய்ந்த பிறகு பிந்தி வெடிக்குமே ஒரு ஒற்றை வெடி, அதையும் விடாமல் வெடித்துவிட்டு, இறக்கையைக் கோத ஆரம்பித்தது. லேசாக மருந்து வாடைகூட அடித்தது.

வளர்ந்த மஞ்சள்மூக்கு நாரைக்குக் குரல் கிடையாது என்பது நெட்டூத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். குஞ்சில் கத்தும், வளர்ந்தால் ஊமை; அலகோடு அலகைத் தட்டுவதுதான் அதன் பேச்சும் சண்டையும் கல்யாணமும். ஆகவே ஆவுடை துடைப்பத்தைப் படியிலேயே போட்டுவிட்டுக் கரையில் இறங்கிப் போய், முதலில் எதிர்ப்பட்ட சண்முகத்தாயிடம், “எக்கா, நாரை வேட்டுப் போடுது” என்றாள். சண்முகத்தாய் இடுப்புக் குடத்தை மாற்றி வைத்துக்கொண்டு, “எந்தத் திட்டுல?” என்று மட்டும் கேட்டாள்.

நெட்டூத்துப் பெருங்குளத்துக்கு மூன்று பக்கம் காடு, நாலாவது பக்கம் கரை. கரைக்குக் கீழே வயல், வயலுக்கு அந்தப் பக்கம் ஊர். மேற்கே மலை. ஐப்பசி மழையில் மலைத்தண்ணீர் இறங்கிக் குளம் நிறைந்ததும் நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் வந்து தண்ணீருக்குள் நிற்கும் கருவேலமரங்களில் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, ஆனியில் குளம் வற்றும்போது குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு போய்விடும். பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்த வயலுக்கு உரமூட்டை வேண்டாம் என்று கண்டுகொண்ட அந்தக் காலத்து ஆட்கள், ஐப்பசி தொடங்கி ஆனி முடிய ஊருக்குள் சத்தம் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு போட்டார்கள். தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாணத்துக்கு மேளம் கிடையாது. சாவுக்குக் கொட்டு கிடையாது, ஒப்பாரி கிடையாது. சண்டைகூடக் குசுகுசுவென்றுதான். மாமியாரும் மருமகளும் மூக்கோடு மூக்கு உரசும் தூரத்தில் நின்று குசுகுசுவென்று வைதுகொள்வதைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள், என்ன ஒற்றுமை பாருங்கள் என்று வியந்துவிட்டுப் போவார்கள். அமைதிக் கிராமம் என்று நுழைவாயிலில் அரசாங்கமே போர்டு வைத்தது. ஒரு பஸ் விடுங்கள் என்று கேட்டபோது மட்டும் அதே அரசாங்கத்துக்குக் காது கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஒரு நாரை தவிலும் நாதஸ்வரமுமாகக் கெட்டிமேளம் கொட்டியது. வெள்ளிக்கிழமை இரண்டு நாரைகள். ஒன்று யாரோ ஒரு பெண்பிள்ளை பிரசவத்தில் பல்லைக் கடித்து விழுங்கிய அலறலைப் போட்டது. மற்றது, “நீ கட்டையில போக, உன் வாயில மண்ணு விழ” என்று தொடங்கிக் கால்மணி நேரம் நிற்காமல் வைதது. அதைக் கேட்ட பலசரக்குக்கடை மந்திரமூர்த்தி, “அடப்பாவி, இது எங்கம்மை குரல்லா!” என்று கடையைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினார். அவர் அம்மா செத்துப் பதினாறு வருஷம். யாரை வைகிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தவர், அது தன் பெண்டாட்டியைத்தான் என்று தெரிந்ததும் மெதுவாகத் திரும்பி வந்து கடையில் உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கு ஊருக்குப் புரிந்துவிட்டது. தாங்கள் பறவைக்கென்று விட்டுக்கொடுத்ததெல்லாம் எங்கேயும் போய்விடவில்லை, ஊமைப் பறவை வயிற்றில் பத்திரமாக இருந்திருக்கிறது. ஏன், எப்படி என்று மூளையைக் கசக்கியவர்கள் வெளியூரிலிருந்து கருவிகளோடு வந்த நிபுணர்கள் மட்டும்தான். அவர்கள் நாலு நாள் தங்கி, இதெல்லாம் மைனாக்கள் பழகிக் காட்டும் குரல் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். வன இலாகாவும் தன் பங்குக்கு, ‘நாரைகள் வெடிக்கும்போது அமைதி காக்கவும்’ என்று ஒரு தகரப் பலகை நட்டது. ஊர்க்காரர்களுக்கு வேறு வேலை இருந்தது. ஒரு நாரைக்கு ஒரு சத்தம், அதையும் ஒரே தடவைதான் தரும், தந்ததும் பழையபடி ஊமை. தன் சத்தம் வரும்போது தான் அங்கே இல்லையென்றால் போனது போனதுதான். ஆகவே அறுபது வருஷம் பறவையை நிமிர்ந்து பார்க்காத ஊர், இரவல் பைனாகுலரும் பழைய மூக்குக்கண்ணாடியுமாகக் கரையில் வரிசையாக உட்கார்ந்து பறவை பார்க்க ஆரம்பித்தது. மரத்துக்கு ஒரு எண் போட்டார்கள். நாரைக்கு அடையாளம் வைத்தார்கள்: இடது இறக்கையில் இறகு இல்லாதது, வால் சிவப்பு வெளிறியது, ஒரு கால் நொண்டுவது. எது திருப்பிக் கொடுத்தது, எது இன்னும் கொடுக்கவில்லை என்று டீக்கடைப் பலகையில் தினமும் எழுதினார்கள். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு நாரைகள்.

மாசியில் சண்முகத்தாயின் மேளம் வந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு, பங்குனியில், ஒரு மேளச் சத்தமும் இல்லாமல் சாவு வீட்டில் போல அவளுக்குத் தாலி ஏறியது. ஐந்தாம் திட்டு நாரை ஆனந்தபைரவியை ஆரம்பித்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த புருஷனைச் சேற்றுக்காலோடு இழுத்து வந்து, கிழக்கே பார்க்க நிறுத்தி, பக்கத்தில் தலைகுனிந்து நின்றாள். கெட்டிமேளம் கொட்டியபோது கரையில் இருந்தவர்கள் எல்லாரும் கையில் கிடைத்த வேப்பம்பூவை எடுத்து அவர்கள் மேல் போட்டார்கள். சண்முகத்தாய் அழுதாள், சிரித்தாள், புருஷனைப் பார்த்து, “இப்பத்தான் எனக்குக் கல்யாணம் முடிஞ்ச மாதிரி இருக்கு” என்றாள். ஆவுடையும் வேப்பம்பூ போட்டாள். போட்டுவிட்டுத் திரும்பிக் கோபுரத்தில் ஏறிக்கொண்டாள்.

ஆவுடைக்கு வரவேண்டியது மேளமும் இல்லை, வெடியும் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் இதே மாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவளுடைய ஒரே மகள் பகவதி, பதினாறு வயசுப் பிள்ளை, அம்மாவுக்குச் சோற்றுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கரைமேல் நடந்து வந்தாள். பறவை பார்க்க வந்த ஒரு மதுரைக்காரம்மா, கரண்டிவாயன் குஞ்சு பாருங்கள் என்று பைனாகுலரை ஆவுடை கையில் கொடுத்திருந்தாள். குஞ்சைப் பார்த்துவிட்டு, மகள் வருகிறாளா என்று அப்படியே கரைப்பக்கம் திருப்பினாள் ஆவுடை. மகள் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஜீப்பும் வந்தது. அதை ஓட்டியவன் பஞ்சாயத்துத் தலைவர் ராமசுப்புவின் மகன் கார்த்தீசன், பக்கத்தில் அவன் சிநேகிதர்கள், கையில் பாட்டில். பைனாகுலர் எல்லாவற்றையும் பக்கத்தில் கொண்டுவந்து காட்டியது. ஓடிப்போய்த் தொடமுடியாத தூரத்தில் நின்று, கைநீட்டினால் தொட்டுவிடலாம் போல, ஜீப் மகளை மோதித் தூக்கி எறிந்ததை அவள் பார்த்தாள்.

ஓடி வந்து மகளை மடியில் போட்டுக்கொண்டு அவள் வாயைத் திறந்தபோது, ராமசுப்பு வந்து குனிந்து, அவள் வாயைக் கையால் பொத்தினார். “ஆவுடை, நான் சொல்லுதத கேளு. குஞ்சு பொரிச்சுக் கெடக்கு. நீ ஓங்கி ஒரு சத்தம் போட்டேன்னா அம்புட்டுப் பறவையும் கூட்ட விட்டு எந்திரிச்சிரும். பச்சக் குஞ்சு வெயில்ல வெந்து செத்துரும். ஆயிரம் பிள்ளைச் சாவ உன் தலையில கட்டிக்கிடாத, தாயி. ஒனக்கு நான் சொல்லியா தெரியணும்?” என்றார்.

தாயி என்று சொன்னார் அந்த ஆள். குஞ்சு செத்தால் தாய் படும் பாட்டைத் தாயிடமே சொல்லி, அவள் வாயை அடைத்த கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்வது! பறவைகளோடேயே கிடந்தவள் அல்லவா, அவள் நம்பினாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் பிள்ளையை எரித்தாகிவிட்டது. கரையிலிருந்து கால் தவறி மதகுக் கல்லில் விழுந்துவிட்டாள் என்று எழுதி முடித்தாகிவிட்டது. ஊருக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி இருக்கவும் ஊருக்குத் தெரியும்.

ஆனி வரட்டும் என்று ஆவுடை காத்திருந்தாள். கடைசிக் கூழைக்கடாவும் மலையைத் தாண்டிப் போன அன்று, கரையில் மகள் விழுந்த இடத்தில் உட்கார்ந்து, மார்பில் அறைந்துகொண்டு வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. பேச்சு வரும்; பறவைப் பெயர் கேட்பவர்களுக்குப் பதில் வரும்; அழுகை மட்டும் வரவில்லை, கார்த்தீசன் என்கிற பெயரும் வரவில்லை. நாலு மாதம் அடைத்து வைத்ததில் தொண்டையே அந்த வழியை மறந்துவிட்டது. ஒன்பது வருஷம் அவள் அப்படியே கோபுரத்தைக் கூட்டினாள். அவன் ஜீப்பை விற்று, கார் வாங்கி, கல்யாணம் முடித்து, அதே கரையில் பெண்டாட்டி பிள்ளைகளோடு பறவை பார்க்க வந்தான்.

இப்போது நாரைகள் கொடுக்கின்றன. இந்த அறுநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றின் வயிற்றில் அவள் அழுகை இருக்கிறது. ஒப்பாரி என்றால் வெறும் அழுகையா? பிள்ளை பிறந்த நாளிலிருந்து செத்த நிமிஷம் வரை சொல்லி, கொன்றவனைப் பேர் சொல்லி இழுத்து நடுத்தெருவில் போட்டுத்தான் அது முடியும். அந்த நாரை வாயைத் திறந்தால் ஊர் முழுக்கக் கேட்கும். அதற்கு மேல் யாரும் தெரியாத மாதிரி இருக்கமுடியாது. விடிந்ததும் ஏறுவாள், வெளிச்சம் போனால்தான் இறங்குவாள், சோறு கோபுரத்திலேயே.

கீழே கரையில் இன்னொருவரும் அப்படித்தான் இருந்தார். தலைவர் ராமசுப்பு புதுசாக ஒரு பைனாகுலர் வாங்கியிருந்தார்; அதன் உறையைக்கூடப் பிரிக்கத் தெரியாமல், ஆவுடையிடமே கொடுத்துப் பிரித்து வாங்கிக்கொண்டார். அவளும் திருகிச் சரிசெய்து கொடுத்தாள். ஒரு நாரையைத் தேடி மேலே ஒருத்தி, அதே நாரையைத் தேடிக் கீழே ஒருவர்.

பங்குனியில் குஞ்சுகள் கூட்டின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தன. சித்திரையில் காடு காய்ந்து, உசிலமர இலைகள் காற்றில் குளத்துக்கு வந்து விழுந்தன. தண்ணீர் நாளுக்கு நாள் உள்வாங்கி, திட்டுகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. நாரைகள் கொடுத்துக்கொண்டே இருந்தன: தொட்டில் பிள்ளைக்குப் பாடாத தாலாட்டு, சாமியாடி விழுங்கிய குலவை, பரீட்சையில் தேறியவனின் ஊளை, பத்து வீட்டு ஒப்பாரி. வேறு வீட்டு ஒப்பாரிகள் வரும்போதெல்லாம் ஆவுடை கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள், முதல் அடியிலேயே தன்னது இல்லை என்று தெரிந்து உட்கார்ந்துவிடுவாள். கீழே ராமசுப்புவும் எழுந்து உட்காருவார்.

வைகாசி பிறந்தபோது டீக்கடைப் பலகையில் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. முதல் திட்டில், ஒற்றை மரத்தில், வலது கண்ணுக்கு மேல் தழும்புள்ள கிழட்டு நாரை.

அன்றைக்குச் சாயந்தரம் ராமசுப்பு ஊர்க்கூட்டம் போட்டார். “பறவைக்கு என்னமோ சீக்குன்னு பேசிக்கிடுதாவ. போதும், நெறய பாத்தாச்சு. நாளைக்குக் காலைல ரெண்டு பெட்டி வெடியப் போட்டுக் கலச்சி விட்டுருவோம். ஆனில போறது வைகாசில போகட்டும்” என்றார். அறுபது வருஷக் கட்டுப்பாட்டைக் கட்டிக் காத்த ஆள், வாயைப் பொத்திய அதே கையில் வெடிப்பெட்டியை வைத்துக்கொண்டு நின்றார்.

ஆவுடை எழுந்தாள். “இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு அண்ணாச்சி. பிந்திப் பொரிச்ச குஞ்சும் கெடக்கு.”

மாசியில் இதே வெடியைக் கொண்டுவந்திருந்தால் ராமசுப்புவை ஊர் உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கும். இப்போது அவரவர் மேளம் அவரவர் வீட்டுக்கு வந்துவிட்டது. அவரவர் அம்மாவின் வசவை அவரவர் கேட்டாகிவிட்டது. மந்திரமூர்த்தி தரையைப் பார்த்தார். சண்முகத்தாய் முந்தானை நுனியைப் பார்த்தாள். “ஒரு நாரைக்காண்டியா ஊரு காத்துக்கெடக்கும்?” என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. வேப்பம்பூ போட்ட கையை நினைத்துக்கொண்டு ஆவுடை வெளியே வந்தாள்.

விடிந்ததும் அவள் சேற்றில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து, ஒற்றை மரத்தடியில் போய் நின்றுகொண்டாள். வெடியைக் கொளுத்தினால் கொளுத்தட்டும், தன் தலைமேல் கொளுத்தட்டும் என்றுதான். கரையில் ஊர் கூடியது. ராமசுப்பு சரத்தைப் பிரித்துக் கரைச்சரிவில் நீட்டிப் போட்டு, ஊதுபத்தியைக் கையில் எடுத்தார். கார்த்தீசன் பின்னால் காரில் சாய்ந்து நின்றான். அந்த நேரம் பார்த்துக் கிழட்டு நாரை கழுத்தைப் பின்னால் வளைத்தது.

ராமசுப்புவின் கை அந்தரத்தில் நின்றது. ஆவுடை அண்ணாந்து, வா, வா என்று உதட்டால் சொன்னாள்.

பீ... பீ... பீப்பீ.

காகிதச் சுருள் நீண்டு சுருங்குமே, திருவிழாக் கடையில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்குமே, அந்த ஊதல். நாலு ஊது ஊதிவிட்டு நாரை அலகை மூடிக்கொண்டது. அவ்வளவுதான். அறுநூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது.

ராமசுப்பு சிரித்தார். முதலில் மூச்சு விட்டார், பிறகு சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஏல, அது என் பீப்பீல்லா! எனக்கு அஞ்சு வயசு. எங்கய்யா திருவிழாவுல வாங்கித் தந்தது. வீட்டுக்கு வந்து ஒரு ஊது ஊதுனேன், எங்கம்ம பறவ கலஞ்சிரும்னு புடுங்கி அடுப்புல போட்டுட்டா. அன்னைக்கெல்லாம் அழுதேன். பாருங்கல, அதக்கூட வச்சிருந்து கொடுத்திருக்கு!” என்று பக்கத்தில் நின்றவர்களை எல்லாம் பிடித்து உலுக்கினார்.

ஆவுடை தண்ணீருக்குள் நின்று அதைக் கேட்டாள். வாயைப் பொத்தியவனுக்கு அவன் பீப்பீ வந்துவிட்டது. மகளைக் கொடுத்தவளுக்கு ஒரு சொல் வரவில்லை. அவள் காலிலிருந்து ஒரு சூடு ஏறியது. அது இடுப்பைத் தாண்டி, வயிற்றைத் தாண்டி, ஒன்பது வருஷமாக அடைத்துக் கிடந்த இடத்தில் வந்து முட்டியது.

“தலைவரே!” என்றாள். அந்தக் குரலை ஊர் அதற்கு முன் கேட்டதில்லை. “பறவைக்குன்னு இந்த ஊரு கொடுத்ததுல ஒண்ணு கொறையல. ஒம்ம பீப்பீ வரைக்கும் வந்துட்டு. எம்பிள்ளைக்கு நான் அழாத அழுக மட்டும் எங்கவே போச்சு? எந்த நாரைகிட்டயும் இல்லையே! அது பறவைக்குன்னு அடக்குனதே இல்லவே. ஒம்ம மகனுக்குன்னு அடக்க வச்சீரு. அது ஒம்ம வீட்டுக்குள்ளல்லா கெடக்கு!”

ராமசுப்பு பழைய பழக்கத்தில் விரலை உதட்டில் வைத்தார். “ஏ ஆவுடை, குஞ்சு... பறவ கலஞ்சிரும்...” என்றார். ஒரு கையில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

ஆவுடை மார்பில் அறைந்துகொண்டு அழுதாள். அடிவயிற்றிலிருந்து வந்த முதல் ஓலம் குளத்தைக் கடந்து, காட்டைக் கடந்து, மலையில் மோதித் திரும்பி வந்தது. ஊர் முழுக்க அண்ணாந்து பார்த்தது. இப்போது எழும்பும், இப்போது அத்தனையும் எழும்பி வானத்தை மூடும் என்று பார்த்தது. தலைக்கு நேர்மேலே நின்ற கிழட்டு நாரை ஒற்றைக் காலை மாற்றி வைத்தது. கூழைக்கடாக்கள் குஞ்சுகளுக்கு மீன் கக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தன. கரண்டிவாயன்கள் சேற்றைத் துழாவின. ஒரு பறவைகூட எழும்பவில்லை. அவள் ஓங்கி ஓங்கி அழுதாள், அடுத்தடுத்த கூடுகளில் குஞ்சுகள் தூங்கின.

சண்முகத்தாய்தான் முதலில் இறங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகாமல், அப்படியே தண்ணீருக்குள் நடந்து வந்து ஆவுடையின் தோளில் கை போட்டு, “எம்மா பகவதி, ஒன்ன நாங்களும் சேந்துல்லா கொன்னோம்” என்று கூடச் சேர்ந்து ஒப்பாரி எடுத்தாள். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். மந்திரமூர்த்தி போய்க் காருக்கு முன்னால் நடுக்கரையில் உட்கார்ந்துகொண்டார். கார்த்தீசன் கதவைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

ஆவுடை பிள்ளை பிறந்த நாளைப் பாடினாள். பள்ளிக்கூடம் போன நாளைப் பாடினாள், சடங்கான நாளைப் பாடினாள், தூக்குவாளியில் இருந்த சுண்டவற்றல் குழம்பைப் பாடினாள். ஓட்டியவனைப் பேர் சொல்லிப் பாடினாள், பக்கத்தில் இருந்தவர்களைப் பேர் சொல்லிப் பாடினாள், பொத்திய கையைப் பாடினாள். பைனாகுலர் எல்லாவற்றையும்தான் பக்கத்தில் கொண்டுவந்து காட்டியிருந்தது. மூச்சு வாங்கி, எச்சில் விழுங்கி, அடுத்த அடியை எடுத்தாள். அதில் ஜீப்பின் நம்பர் இருந்தது.